கிருபாபாயின் வீடும் பழவேற்காட்டுக் குப்பங்களும்

கிருபாபாய் சத்தியநாதன் 1862 பிப்ரவரி 14 அன்று அகமத்நகரில் பிறந்தார். 1894 ஆகஸ்டில், 32 வயதில் காலமானார். அந்தக் குறுகிய ஆயுளுக்குள் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினார். இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவலாக 'சகுணா' கருதப்படுகிறது. பிறப்பால் மராத்தியர், எழுத்தால் சென்னைக்காரர். மருத்துவம் படிக்க வந்த ஊரிலேயே மணம் முடித்து, அங்கிருந்தே எழுதியவர். இவரை எழுத்தாளராக்கியது எது என்ற கேள்விக்கு இதுவரை பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மதமாற்றம் என்பார்கள் சிலர். மிஷன் பள்ளி என்பார்கள் சிலர். ஆங்கிலக் கல்வி, புகுந்த வீட்டின் ஆதரவு, பிறவி மேதைமை என்று வேறு விடைகளும் உண்டு. இந்த விடைகளை அகமத்நகரிலும் சென்னையிலும் மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தோன்றும். ஆகவே அவற்றைச் சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்களில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரே நூற்றாண்டு; அவர் எழுதிய சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரே மாகாணம். ஓரிடத்தில் ஒரு நாவலாசிரியை உருவானார். மற்றோரிடத்தில் ஒருவரும் உருவாகவில்லை. அந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

முதலில் சான்றுகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கிருபாபாயின் இளமையை அறிய நமக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. அவருடைய மறைவை ஒட்டி, சென்னை மாகாணக் கல்வித்துறை இயக்குநராக இருந்த கிரிக்கின் மனைவி எழுதிய நினைவுரை ஒன்று. அவருடைய சொந்த நாவலான 'சகுணா' மற்றொன்று. இது 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்து, அவர் மறைந்தபின் 1895இல் நூலானது. நாவலை வாழ்க்கைக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பது நியாயமே. ஊர்களும் ஆட்களும் பெயர் மாறி வருகிற ஒரு கதையை ஆவணம்போல வாசிக்க முடியாது. ஆனால் கதையின் முக்கியமான கட்டங்கள், அதாவது தந்தையின் மதமாற்றம், தாயின் கலக்கம், அண்ணனின் வழிகாட்டல், அவனுடைய இளவயது மரணம், பம்பாய்ப் படிப்பு, சென்னை மருத்துவக் கல்லூரி, நோய் ஆகியவை நினைவுரையோடு ஒத்துப்போகின்றன. நடந்தவற்றுக்கு நினைவுரையையும், அவற்றை அவர் எப்படி உணர்ந்தார் என்பதற்கு நாவலையும் நாடுவது பொருத்தமான முறை. இங்கே அந்த முறையே பின்பற்றப்படுகிறது.

குடும்பம்

தந்தை ஹரிபந்த் கிஸ்தி, தாய் ராதாபாய். பம்பாய் மாகாணத்தில் கிறித்தவம் தழுவிய முதல் பிராமணர்களில் ஹரிபந்தும் ஒருவர். அமெரிக்க மராத்தி மிஷன் 1831இல் அகமத்நகரில் காலூன்றியது. பள்ளிகள் வைத்தது, 1842 முதல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழை நடத்தியது. அந்தச் சூழலில்தான் ஹரிபந்த் மதம் மாறினார். அன்று ஒரு பிராமணன் மதம் மாறினால் இழப்பது நம்பிக்கையை மட்டுமல்ல. பந்தி, உறவு, தொழில், ஊர் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அந்த இழப்பின் பாதியைக் கேட்காமலே தலையில் ஏற்க நேர்ந்தவர் ராதாபாய். சிறு வயதிலேயே மணமானவர். ஆசாரமே உலகம் என்று வளர்ந்தவர். கணவர் புது மார்க்கத்தில் போனபோது அஞ்சி நடுங்கியபடி பின்னால் சென்றவர். இந்தத் தம்பதிக்குப் பதினான்கு குழந்தைகள்; கிருபாபாய் பதின்மூன்றாவது. அவர் சிறுமியாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். எனவே 'படித்த தந்தை மகளைப் படிக்க வைத்தார்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. குழந்தைகள் நிறைந்த, வரவு குறைந்த, விதவைத் தாய் தாங்கி நடத்திய வீடு அது.

தந்தையின் இடத்தை நிரப்பியவர் அண்ணன் பாஸ்கர். தங்கையைக் கூட அழைத்துக்கொண்டு நடந்தவர், தான் படித்ததை அவளோடு பேசியவர், அவளைச் சிந்திக்கத் தெரிந்த ஓர் ஆளாக நடத்தியவர். 'சகுணா'வில் இந்த அண்ணன் வரும் பக்கங்கள் தனி ஒளியோடு இருக்கின்றன. தங்கை கேட்கும் கேள்விகளை அவன் ஒதுக்குவதில்லை. பெண்ணுக்கு இது எதற்கு என்று புத்தகத்தை மூடுவதில்லை. அக்காலத்து வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்காக வாங்கிய புத்தகங்கள் நிறையவே இருந்திருக்கும். அவற்றைப் பெண்பிள்ளையின் கையில் வைத்து, படித்தபின் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கிற ஒருவர் இருந்ததுதான் அபூர்வம். பாஸ்கர் இளமையிலேயே இறந்தார். அந்தத் துயரம் கிருபாபாயை நொறுக்கியது; ஆனால் அதற்குள் வாசிப்பு அவருடைய வழக்கமாகிவிட்டிருந்தது. பிறகு பம்பாயில் மிஷன் பெண்களிடம் படிப்பு. அங்கே அவருடைய திறமையைக் கண்ட ஒரு பெண் மருத்துவர், மருத்துவம் படிக்கத் தூண்டினார். இங்கிலாந்து செல்ல உதவித்தொகை அமைந்தும், உடல்நிலை தாங்காது என்று தடையானது. அதற்கு மாற்றாக 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

சென்னையில் அவர் தங்கிய இடமும் கவனிக்க வேண்டியது. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதனின் வீடு அது. அவருடைய மனைவி அன்னா, தென்னிந்தியாவின் தொடக்ககால ஆங்கிலிக்கன் போதகரான ஜான் தேவசகாயத்தின் மகள். சென்னையில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் 'நல்ல தாய்' என்ற நூல் எழுதியவர். ஒரு பெண் எழுதுவதும் அச்சேறுவதும் அந்த வீட்டில் விநோதமாக இருக்கவில்லை. முதல் ஆண்டுத் தேர்வில் கிருபாபாய் சிறந்து விளங்கினார். ஆனால் உடல் ஒத்துழைக்காமல் மருத்துவப் படிப்பு நின்றது. 1883இல் அந்த வீட்டின் மகன் சாமுவேலை மணந்தார். கணவரின் ஆசிரியப் பணி காரணமாக உதகமண்டலம், ராஜமகேந்திரி, கும்பகோணம் என்று மாறிச் சென்று கடைசியில் சென்னைக்குத் திரும்பினர். உதகையில் முஸ்லிம் சிறுமிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். 'ஓர் இந்தியப் பெண்' என்ற பெயரில் இதழ்களுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். இடையில் ஒரே குழந்தையும் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. நோய் விடவில்லை, எழுத்தும் நிற்கவில்லை.

சொல்லப்படும் காரணங்கள்

இனி அந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். மதமாற்றமே காரணம் என்பது பரவலான கருத்து. பழவேற்காடு இதை மறுக்கிறது. பழவேற்காட்டில் போர்ச்சுக்கீசியர் கட்டிய மகிமை மாதா ஆலயம் 1515ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். நடுவூர் மாதா குப்பம் என்ற மீனவ ஊரின் பெயரிலேயே அந்த மாதா இருக்கிறாள். அகமத்நகரில் அமெரிக்க மிஷன் வந்த 31ஆம் ஆண்டில் கிருபாபாய் பிறந்துவிட்டார். பழவேற்காட்டில் கிறித்தவம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தும், அங்கே ஒரு பெண்ணின் கையிலும் பேனா ஏறவில்லை. அது கத்தோலிக்கம், இது வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்று சொல்லும் புராட்டஸ்டன்ட் மரபு என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் புராட்டஸ்டன்டுகளான டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1825இல் இறுதியாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்வரை, இடையிடையே கைமாறினாலும், இரு நூற்றாண்டுகள் அந்த ஊர் அவர்களுடையதாகவே இருந்தது. அவர்களுடைய போதகர் ஆபிரகாம் ரோஜேரியஸ் அங்கேயே தங்கி, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651இல் ஹாலந்தில் வெளியானது. பர்த்ருஹரியின் செய்யுள்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலில் இடம்பெற்றது அந்த நூலில்தான். எழுத்து பழவேற்காட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்தது. கோட்டைக்குள் வந்த எழுத்து குப்பத்துக்குள் வரவில்லை.

ஆங்கிலக் கல்வியே காரணம் என்ற விடையும் அவ்வளவு உறுதியானதல்ல. அதே காலத்தில் ஸ்வர்ணகுமாரி தேவி 1876இல் வங்காளியில் 'தீப்நிர்பாண்' நாவலை வெளியிட்டார். அவர் மதம் மாறியவரும் அல்ல, மிஷன் பள்ளியில் உருவானவரும் அல்ல. தாகூர் வீட்டுப் பெண். பண்டித ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ரமாபாய் கிறித்தவரானது 1883இல். அதற்கு முன்பே அவர் நாடறிந்த பண்டிதை. கவிஞர் தோரு தத் பிறந்ததும் ஒரு கவிஞரின் வீட்டில்; தந்தை கோவிந்த சந்திர தத். கிருபாபாயோடு சேர்த்து இந்த நால்வரையும் அருகருகே நிறுத்தினால் மதம் வேறு, மொழி வேறு, ஊர் வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான். பெண் குழந்தையின் வாசிப்புக்கு உள்ளிருந்தே காவல் நின்ற ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். பள்ளியும் மிஷனும் அதன் பிறகே வந்து சேர்ந்தன. விதிவிலக்காக ராஸசுந்தரி தேவியைச் சொல்லலாம். சமையலறையில் யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டிப் படித்து, பின்னாளில் தன் வாழ்க்கையை வங்காளியில் எழுதியவர் அவர். ஆனால் அவர் மறைத்துப் படித்த ஏடும் அந்த வீட்டில்தான் இருந்தது. திருடுவதற்குக்கூட ஒரு புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்.

அம்மாவின் பங்கு

இவ்வளவும் வாசிப்பின் வரலாறு. நாவலாசிரியை உருவாக வாசிப்பு மட்டும் போதாது. சொல்ல ஒரு கதை வேண்டும். கிருபாபாய் பற்றிய எழுத்துகளில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இது. 'சகுணா'வின் தொடக்கப் பகுதி சகுணாவின் கதை அல்ல. அவளுடைய தாயான ராதாவின் கதை. மாமியாருக்குப் பயந்த சிறுமி, கணவனின் மனம் வேறு திசையில் போவதைப் புரிந்துகொள்ள முடியாமல் தவித்த இளம்பெண், தான் அருவருக்கக் கற்பிக்கப்பட்ட ஒரு வாழ்வுக்குள் கொண்டுவரப்பட்ட மனைவி. மகள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தவை இவை. தாயும் மூத்தவர்களும் சொல்லிக் கேட்டிருந்தால்தான் மகள் இவ்வளவு நெருக்கமாக எழுதியிருக்க முடியும். 'கமலா' நாவலும் அந்த மண்ணிலிருந்தே எடுத்தது. இந்து வீடொன்றில் மருமகளாக நுழையும் பெண், அவளுக்குப் படிப்புச் சொல்லித்தர முனையும் கணவன், அதைப் பொறுக்காத வீட்டார், கடைசியில் கைம்மை. கிறித்தவ வீட்டில் பிறந்து வளர்ந்த கிருபாபாய் இந்த உலகத்துக்குள் மருமகளாக வாழ்ந்ததில்லை. அம்மாவின் உலகம் அது. அண்ணனிடமிருந்து புத்தகமும் அம்மாவிடமிருந்து கதையும் வந்தன. இரண்டும் ஒரே வீட்டில் சந்தித்ததால்தான் நாவல் பிறந்தது. என் முடிவு இதுவே. இந்த இரண்டில் முதலாவதற்கு மட்டும் நாம் பெருமை கொடுத்து வந்திருக்கிறோம்.

இந்த முடிவு சரியா என்று பார்க்கத்தான் பழவேற்காடு தேவைப்படுகிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்க, இறாலும் நண்டும் மடவையும் விளையும் நீர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் கரை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் மீன்பிடிக்கும் இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற ஏற்பாடு உண்டு. எந்தத் தலைக்கட்டுக்கு எந்தப் பாடு என்பது ஊர் கூடி முடிவாகும். சண்டையில்லாமல் நீரைப் பகிர்ந்துகொள்ள மக்கள் தாமே கண்ட நேர்த்தியான ஒழுங்கு என்று ஆய்வாளர்கள் இதைப் போற்றுகிறார்கள். ஆனால் தலைக்கட்டு என்றால் ஆண். பாட்டின் கணக்கில் பெண்ணுக்கு இடமில்லை. பெண்ணின் வேலை வலை கரை சேர்ந்தபின் தொடங்குகிறது. மீனைத் தரம் பிரிப்பது, கூடையில் ஏற்றுவது, சந்தைக்குத் தலையில் சுமப்பது, விற்காமல் மிஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்குவது. ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நகர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியை வாயால் கடித்துக்கொள்கிறார்கள். வாயும் கையும் ஒருசேர வேலையில் கட்டுண்டு கிடக்கிற பிழைப்பு.

கிருபாபாய் சென்னைக்கு வந்த 1878ஆம் ஆண்டில் இந்தக் கரையின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1876–78 பெரும்பஞ்சம் மாகாணத்தையே உலுக்கியிருந்தது. அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியாகச் செல்லும் கால்வாய் பெரிதும் வெட்டி இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் சென்னைக்கு வந்தன. பொருள் வந்து சேர வழி இருந்தது. புத்தகம் திரும்பிப் போக வழி இருக்கவில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியப் பெண்களில் ஆயிரத்துக்கு ஏழு பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்த ஏழு பேரில் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்திருக்கக்கூடிய வாய்ப்பு எவ்வளவு அற்பமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கருங்கற்களில் பெயர்களும் குடும்பச் சின்னங்களும் இன்றும் தெளிவாக வாசிக்கும்படி செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே காலத்தில் அதே துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண், பெண், குழந்தைகளின் பெயர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. யார் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது அந்தக் கரையில் நெடுங்காலமாகவே ஏற்றத்தாழ்வாக நடந்துவந்த காரியம்.

மறுப்புகள்

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆசார வீட்டுப் பெண்ணைவிட மீனவப் பெண் சுதந்திரமானவள் அல்லவா? அவள் சந்தைக்குப் போகிறாள், விலை பேசுகிறாள், பணத்தைக் கையாள்கிறாள், அறியாத ஆண்களோடு வாதிடுகிறாள். சுதந்திரம்தான் எழுத்துக்கு வேர் என்றால் அவளல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? நடமாடும் சுதந்திரம் அவளுக்கு இருந்தது உண்மை. ஆனால் எழுத்துக்கு வேண்டியது நடமாட்டம் அல்ல. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். மீன் காத்திருக்காது. படகு வரும் நேரம் அவள் கையில் இல்லை. காற்றின் கையிலும் நீரோட்டத்தின் கையிலும் இருக்கிறது. அரை நாள் தாமதித்தால் சரக்கு கெட்டுவிடும், அன்றைய அரிசி போய்விடும். நோயாளியான கிருபாபாய்க்குக் கிடைத்தது அடைபட்ட வாழ்க்கைதான். ஆனால் அந்த அடைப்புக்குள் மேசையும் விளக்கும் ஓய்வும் இருந்தன. அவருக்காக அடுப்பைப் பார்த்துக்கொண்ட கைகளும் அந்த வீட்டில் இருந்திருக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஒருவர் எழுத வேறு சிலர் உழைக்கிறார்கள். எழுதியவரின் பெருமை இதனால் குறையாது. ஆனால் எழுதாதவரைத் திறமையற்றவர் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லாமல் போகிறது.

இரண்டாவது மறுப்பு, பிறவி மேதைமையைப் பற்றியது. மேதை எங்கே பிறந்தாலும் முட்டி மோதி வெளியே வந்தே தீரும், குப்பத்தில் அப்படி ஒருத்தி பிறக்கவில்லை, அவ்வளவுதான் என்று சிலர் நினைக்கலாம். இதற்குப் பதில் மராத்தி மண்ணிலேயே இருக்கிறது. புனேயில் பூலே தம்பதியரின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, 14 வயதில், தன் மக்களின் துன்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அதை 1855இல் வெளியிட்டது அமெரிக்க மராத்தி மிஷனின் அதே 'ஞானோதயா'. ஒரு பள்ளி, ஓர் ஆசிரியை, அச்சிட ஓர் இதழ் என மூன்றும் அமைந்தவுடன், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியிலிருந்து ஒரு சிறுமியின் குரல் எழுந்து வந்தது. அந்த மூன்றும் தொடரவில்லை. குரலும் ஒரு கட்டுரையோடு நின்றது. தமிழில் பிந்தைய சான்று பாமா. 1992இல் வெளிவந்த 'கருக்கு' நூலில், படித்தால்தான் மதிப்பு என்று அண்ணன் சொன்ன சொல் தன்னை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று அவர் பதிவு செய்கிறார். அந்த அண்ணன் ஆய்வாளர் ராஜ் கௌதமன். நூறாண்டு இடைவெளியில், முற்றிலும் வேறான சமூக அடுக்கில், பாஸ்கரின் இடத்தில் இன்னோர் அண்ணன் நிற்கிறார். மேதைமை எங்கும் பிறக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுதான் எங்கும் இல்லை.

வை.மு. கோதைநாயகியின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. 1901இல் பிறந்து, ஐந்து வயதில் மணமாகி, முறையாகப் பள்ளி செல்லாதவர் அவர். தொடக்கத்தில் எழுதத் தெரியாமல் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். புகுந்த வீடு தடுக்கவில்லை, துணை நின்றது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், சொந்தமாக 'ஜகன்மோகினி' இதழ். எழுத்தறிவுகூட முதல் நிபந்தனை அல்ல என்பதற்கு இவரே சாட்சி. சொல்வதை மதித்து எழுதிக்கொள்ள ஒரு கை அருகில் இருந்தால் போதும். குப்பத்துப் பாட்டிகளுக்கும் தாய்மார்களுக்கும் சொல்லத் தெரியாமல் போகவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத இரவு, முகத்துவாரம் மணல் மூடிய ஆண்டு, 'பாடு' பங்கீட்டுத் தகராறில் இரண்டு ஊர் பிரிந்த கதை, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர்களிடம் இருந்தன. ராதாபாயிடம் இருந்த செல்வம் அவர்களிடமும் இருந்தது. வாய்மொழியே ஒரு முழுமையான கலை, அதை ஏன் நாவலால் அளக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கலை என்ற அளவில் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஒப்பாரி சொன்னவள் போனால் அதுவும் போய்விடுகிறது. நூலில் ஏறிய ராதாவின் துயரம் 130 ஆண்டுகள் கழித்தும் நம்மோடு வாதாடுகிறது. அந்த வாதாடும் உரிமை குப்பத்துத் தாய்க்கும் உண்டு.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இது முடிந்துபோன காலத்தின் கதைதானே, இன்று குப்பங்களில் பள்ளி இருக்கிறது, கல்லூரிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். இருக்கிறார்கள், அது மகிழத்தக்க மாற்றம். ஆனால் தமிழ்க் கடற்கரையைப் பற்றிய நாவல்களின் வரிசையைப் பாருங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' ஆகியவை வெளியிலிருந்து வந்து பரிவோடு பார்த்தவர்கள் எழுதியவை. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' உள்ளிருந்தே வந்தது; ஆனால் அது தென்கடலின் கதை, ஓர் ஆணின் பார்வை. பழவேற்காட்டு ஏரியின் பெண் தன் கையால் எழுதிய, நாடறிந்த நாவல் இன்னும் நம் வாசிப்புக்கு வரவில்லை. பள்ளி மட்டும் நாவலாசிரியையை உருவாக்கியிருந்தால் இந்த வெற்றிடம் இருந்திருக்காது. பள்ளி எழுத்தைத் தருகிறது. பாஸ்கர் கொடுத்தது எழுத்தை அல்ல. உன் எண்ணத்தைக் கேட்க நான் இருக்கிறேன் என்ற உறுதியை.

ஆகவே கிருபாபாயின் இளமை நமக்குச் சொல்லும் பாடம், மதத்தின் வெற்றியோ ஆங்கிலத்தின் வெற்றியோ அல்ல. ஒரு பெண் குழந்தைக்குப் புத்தகம் கொடுத்து, அவள் பேச்சைக் கேட்டு, அவள் தாயின் கதையை மதித்த ஒரு வீட்டின் வெற்றி. அப்படிப்பட்ட வீடுகள் தாமாகவே எல்லா இடத்திலும் அமைந்துவிடாது. அமையாத இடத்தில் ஊரும் அரசும் அந்த வேலையை ஏற்க வேண்டும். பழவேற்காட்டுக் குப்பங்களில் மாலையில் திறந்திருக்கும் ஒரு வாசிப்பறை வேண்டும். அதில் நல்ல நூல்களோடு, ஒரு பெண்ணின் கையெழுத்துப் பிரதியைப் பொறுமையாகப் படித்துப் பேசக்கூடிய ஒருவரும் இருக்க வேண்டும். முதிய பெண்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிவைக்கும் வேலையை அப்பகுதிப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவிகளும் இப்போதே தொடங்க வேண்டும். 'சகுணா'வும் 'கமலா'வும் நல்ல தமிழில் நம் ஊர் நூலகங்களுக்கெல்லாம் வர வேண்டும். இதைப் படிக்கும் ஆசிரியர்களில், அண்ணன்மார்களில் யாரேனும் ஒருவர் ஒரு சிறுமிக்குப் பாஸ்கராக இருக்க முன்வந்தால், இந்த ஆய்வுக்கு அதைவிடப் பெரிய பயன் வேறில்லை.